மஃரிபுக்கு வந்த யானை

நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதமான எங்கள் கூட்டாளியை இறக்காமம் குளக்கரை விடுதிக்கு ஒருநாள் அழைத்துப் போக அவனுடைய மனைவியிடம் அனுமதி வாங்குவதே பெரும்பாடாயிற்று. அவன் மருதமுனையில் கைத்தறிச் சாரக் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாங்கள் நால்வரும் ஒன்றாகத் திரிந்தவர்கள்.

"உப்பு குடுக்கப்படா, இறைச்சி கண்ணிலயும் காட்டப்படா, தண்ணிக்குள்ள இறங்க உடப்படா" என்று வாசலில் நின்று சொன்னாள்.

"ஓம் தங்கச்சி, எல்லாம் நான் பாத்துக்கிறன்" என்றான் எங்களில் சமையல் பொறுப்பை ஏற்றிருந்த மீன் வியாபாரி. அவன் கல்முனைக்குடிக்காரன். 'குடிக்காரன்' என்று சுருக்கிக் கூப்பிட்டால் இன்றைக்கும் அடிக்க வருவான். நாங்களும் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நான்காமவன் வரிப்பத்தான்சேனையில் வேளாண்மை செய்பவன். விடுதியை ஒழுங்குபண்ணியவன் அவன்தான்.

பகல் முழுக்கக் குளத்தில் கிடந்தோம். நோயாளி மட்டும் கரையில் மருத மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். ஆளுக்கொரு முறை ஏறிவந்து, "எப்பிடிடா இரிக்கி? தலை சுத்துதா?" என்று மெல்லிய குரலில் விசாரித்தோம். மூன்றாவது முறை நான் கேட்டபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பின்னேரம் மீன் வியாபாரி விடுதிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலில் அடுப்பு மூட்டினான். எங்களுக்குப் பெரிய சட்டியில் மாட்டிறைச்சி. நோயாளிக்குச் சின்னச் சட்டியில் உப்பில்லாத பாரைமீன் ஆணம். குளத்து மீனில் சேற்று மணம் வரும் என்று ஐஸ் பெட்டியில் கடல்மீன் கொண்டுவந்திருந்தான். கலந்துவிடக் கூடாதென்று சின்னச் சட்டியை மட்டும் அறைக்குள் எடுத்து வைத்தான். சோறும் இறைச்சியும் வாழைக்குலையும் கொட்டிலிலேயே இருந்தன.

பொழுது பட்டு மஃரிப் தொழுகை நேரமாகிவிட்டது. மண்டபத்தில் பாயை விரித்தோம்; நோயாளிக்கு ஓரத்தில் கதிரை. மீன் வியாபாரி முன்னால் நின்று தொழுவித்தான். அவனுக்கு நல்ல ஓதல். முதல் இரண்டு ரக்அத்தும் அவன் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ரக்அத்தில் ஓதல் மௌனமானதும் கொட்டில் பக்கம் சட்டி உருளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நாயாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு தகரம் நெரியும் சத்தம் வந்தது. நாய் தகரத்தை நெரிக்காது.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பினோம். ஜன்னல் நிறைய யானை நின்றது. எங்கள் வாழைக்குலை அதன் வாயில் பாதி, வெளியே பாதி. இடப்பக்க ஸலாத்தை மீன் வியாபாரியைப் போல வேகமாகச் சொன்ன ஒரு மனிதனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மூவரும் ஒரே பாய்ச்சலாகப் போய்க் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டோம். அதிர்ச்சி கூடாதென்று வைத்தியர் சொல்லியிருந்தாரே! வேளாண்மைக்காரன் அவன் கண்ணைப் பொத்தினான். நான் நெஞ்சில் கையை வைத்தேன். வெளியே விடுதிக் காவலாளி யானைவெடியைக் கொளுத்திப் போட்டார். யானை அவசரப்படாமல் சோற்றுப் பானையை இன்னொரு முறை துழாவிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்தது.

எங்கள் பிடிக்குள் கூட்டாளியின் உடம்பு குலுங்கியது. பதறிப்போய்க் கையை எடுத்தோம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ட நெஞ்சுக்கு ஒண்டுமில்லடா. உங்கட கைதான் நடுங்குது!"

கொட்டிலில் பெரிய சட்டி கவிழ்ந்து, இறைச்சி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மிச்சம் அறைக்குள் இருந்த சின்னச் சட்டி மட்டும்தான். காவலாளி இரண்டு றாத்தல் பேக்கரிப் பாணும் பச்சைமிளகாயும் கொண்டுவந்து தந்தார். பாணைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்து வாயில் வைத்த மீன் வியாபாரி, மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கூட்டாளியைப் பார்த்தான்.

"இதயாடா மூணு மாசமாத் திண்டாய்?"

"உன்ட மீன் நல்லம். ஊட்டுல இதுவும் இல்ல, மரக்கறிதான்" என்றான் அவன். பிறகு பாணைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சோத்தப் பத்தி எனக்குக் கவலையில்ல மச்சான். எல்லாரும் என்னோட மையத்து கிடக்கிற ஊட்டுல கதைக்கிற மாதிரி மெதுவாக் கதைக்கிறாங்க. நீங்களும் பகல் முழுக்க அப்பிடித்தான் கதைச்சீங்க."

 வேளாண்மைக்காரன்தான் முதலில் வாய் திறந்தான். "நீ கடையில எனக்கு வித்த சாரம் ஒரு கழுவலுக்குச் சாயம் போன கதய இண்டைக்கிக் கதைப்பமா?" என்று ஓங்கிக் கேட்டான்.

"நீ அத வாய்க்கால்ல மண்வெட்டியோட சேத்துக் கழுவியிரிப்பாய்!" என்று கூட்டாளி அதைவிட ஓங்கிக் கத்தினான். அதன்பிறகு இரவு முழுவதும் மெதுவாகப் பேசிய ஆள் அந்த விடுதியில் இல்லை.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் குளக்கட்டில் நடந்தோம். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுவரை போவதென்று அவன்தான் சொன்னான். போய்ச் சேர்ந்ததும் மேலே ஏறி உட்கார்ந்து மனைவிக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். அவ்வளவு தூரம் நடந்ததை அவள் நம்பவில்லை.

"இவனுகளக் கேளு" என்று கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினான். நாங்கள் மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.