கழுத்தளவு வலை

அன்றைக்கு முகாமில் டீவிக்கு முன்னால் இருந்தவர்கள்: நான். என் புருசன். புருசனின் அக்கா, எனக்கு மச்சாள். எங்கள் மகள், வயது பதின்மூன்று. கதவடியில் யாரோ ஒருவரின் ஆடு.

கல்குடாப் பக்கம் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. முகாம் வாவிக் கரையில். நிவாரணச் சாமானோடு கம்பளிச் சட்டை வந்தது. எங்களுக்குக் குளிரவில்லை. டெனிஸ் மட்டை இரண்டும் ஒரு பை பந்தும் வந்தன. அவை என்னத்துக்கு என்று டீவியில்தான் கண்டோம்.

ஒரு கறுத்தப் பெண் அடித்துக்கொண்டிருந்தாள். நல்ல உசரம். எதிரே வெள்ளைக்காரி. கறுத்தவள் வென்று கோப்பையைத் தூக்கினாள்.

"நம்மட புள்ளைய விடக் கறுப்பு கா," என்றாள் மச்சாள்.

"வென்டுட்டாதானே மாமி," என்றாள் மகள்.

"கோப்பை அவவுக்கு. உன்னை ஆரு கலியாணம் முடிப்பான்?"

மகள் எழும்பிப் போய் மட்டையை எடுத்தாள்.

புருசனுக்கு வாவியில் வலை போடுவது தொழில். எங்கள் ஆட்கள் தண்ணியை உடம்பால் அளப்பார்கள். முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி, கழுத்துத் தண்ணி. டீவியில் வலை அவளின் இடுப்புக்கு நின்றது. அவர் யோசித்தார்.

"அவ தென்னை உசரம். அவட இடுப்பு எனக்குக் கழுத்து."

பழைய நைலோன் வலை ஒன்றை இரண்டு தென்னைக்கு நடுவில் தன் கழுத்தளவுக்கு இழுத்துக் கட்டினார். மட்டையில் நரம்பு அறுந்தபோது மீன் பிடிக்கிற தங்கூசி நூலைப் போட்டுப் பின்னினார். மகள் அடித்தாள். மற்றப் பக்கம் நான் நின்றேன். பெரும்பாலும் பொறுக்கினேன்.

மறுகா ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை. ஓடினோம். மட்டையும் வந்தது. திரும்பி வந்ததும் வலையை அதே உசரத்தில் கட்டினார்.

சண்டை முடிந்த வருசம் மகளுக்குப் பதினெட்டு. மச்சாள் வாழைச்சேனையில் ஒரு மாப்பிள்ளை பார்த்தாள்.

"கறுப்பெண்டாலும் பரவாயில்லையாம். மட்டை தூக்கிற பொம்புளைதான் வேணாமாம்."

அதே கிழமை மாவட்டப் போட்டிக்கு டவுனுக்கு வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். புருசன் சொன்னார்:

"ஒருக்காப் போகட்டும். தோத்தா மட்டை அடுப்புக்குள்ள. மாப்பிள்ளைக்கு ஓம் சொல்லுவம்."

மகள் ஓம் என்றாள்.

போட்டிக்கு வந்தது மகளும் ஒரு டவுன் பிள்ளையும்தான். அதனால் முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். ஆறு கேம் எடுத்தால் வெற்றி என்றார் நடுவர். மகள் வலையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அம்மா, வலை கழண்டு கிடக்கு."

நடுவர் அளந்து காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

அவள் அடித்ததெல்லாம் வானத்துக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. "காகம், பந்தை எங்க கொண்டுபோறாய்?" என்று மற்றப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். நாலு கேம் வரிசையாகப் போனது. மச்சாள் கைப்பையைத் தூக்கினாள்.

"வாங்க கா, பஸ் போயிரும்."

புருசன் கம்பி வேலியைப் பிடித்துக் கத்தினார்.

"புள்ள! கழுத்துத் தண்ணி இல்ல! இடுப்புத் தண்ணி!"

டவுன் ஆட்கள் கிறுகிப் பார்த்தார்கள். மகள் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கினாள். அடுத்த பந்து வலையை உரசிப் போய்க் கோட்டில் விழுந்தது. எதிரே நின்றவள் அசையவில்லை.

மச்சாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பஸ் போனது. ஒருவரும் எழும்பவில்லை.

ஆறுக்கு நாலு. ஆறு மகளுக்கு.