கஸ்தூரி அக்காவின் சிவப்பு டேக்

கஸ்தூரி அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணன் போன் செய்தார். நெஞ்சு வலி... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். மண்ணூர்பேட்டை போய் வழியனுப்பிவிட்டு இப்போதுதான் திருவேற்காடு வந்து சேர்ந்தேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு... அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் ஸ்டோர்ஸ்.

சேர்ந்த அன்றைக்கே கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "பையில இன்னாமா புக்கு வச்சிகினு கீற?" என்றார்.

பாஸ் ஆன பம்புக்குப் பச்சை டேக், திரும்பச் சரிசெய்ய வேண்டியதற்கு மஞ்சள், ரிஜெக்ட்டுக்குச் சிவப்பு. இதே டேக்கைத்தான் தான் படிக்கும் புத்தகங்களுக்கும் கட்டுவார். விளையாட்டு இல்லை... முழு சீரியஸ்!

மர்ம நாவலுக்கு அவர் வைத்திருந்த டெஸ்ட் இது. முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிடுவார். அதுவரைக்கும் படித்துவிட்டு, கொலை செய்தது யார் என்று ஒரு சாட்சியிடம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பின்னைப் பிடுங்கலாம்.

சொன்னது சரியாக இருந்தால் நாவல் ரிஜெக்ட்.

அதற்காக எழுதுகிறவர் இஷ்டத்துக்கு ஏமாற்றவும் முடியாது. "கடசில புச்சா ஒருத்தன இட்டாந்து, இவன்தான் கொன்னான்னா அது இன்னா கத? மொதல்லருந்து நம்ம கண்ணு முன்னாலயே நிக்கணும்... நமக்குத் தெரியக் கூடாது. அதான் வேலை."

இவரைவிடக் கறாரான எடிட்டரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சுயமுன்னேற்றப் புத்தகம் என்றால் டெஸ்ட் வேறு. அதில் சொல்லியிருப்பதைச் செய்தே பார்த்துவிடுவார்.

ஒரு புத்தகம் எங்கள் கம்பெனி முழுக்கச் சுற்றியது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கண்ணாடியைப் பார்த்து 'நான் வெற்றியாளர்' என்று சொல்ல வேண்டுமாம். மேனேஜரே எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தார்.

அக்கா அதை ஒரு வாரம் செய்து பார்த்தார். கண்ணாடியையும் விடவில்லை. அப்புறம் சிவப்பு டேக்கோடு மேனேஜர் டேபிளில் கொண்டுபோய் வைத்தார்.

"சார், தண்ணி லாரி வர்ற நாள்ல நான் மூணரைக்கே எழுந்துகிறேன். எங்க தெருவே எழுந்துகுது. இத எழுதுனவரு ஒருவாட்டி கொடம் எடுத்துகினு வந்து நின்னு பாக்கட்டும்."

மேனேஜர் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

ஆனால் எல்லாவற்றையும் சகட்டுமேனிக்கு ஒதுக்குகிற ஆளும் இல்லை. இன்னொரு புத்தகத்தில் 'முடியாது' என்று சொல்லப் பழகுவதைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. அதைப் படித்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டார்கள். "முடியாது சார்" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. வானம் இடிந்து விழவும் இல்லை.

அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் ஓட்டை போட்டுப் பச்சை டேக் கட்டினார். மிச்சம் ஸ்கிராப்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்...

என் முதல் நாவல் வெளிவந்தபோது ஸ்வீட் பாக்ஸோடு அக்காவிடம் ஓடினேன். ஸ்வீட் நன்றாக இருப்பதாகச் சொன்னார். நாவலுக்குச் சிவப்பு.

"உன் கதையில எவன் ரொம்ப நல்லவனா கீறானோ அவன்தான் கொலகாரன். எனக்குத் தெரியாதா இன்னா?"

இரண்டாவது நாவலுக்கும் சிவப்பு. கோபத்தில் கொஞ்ச நாள் கேன்டீனில் வேறு டேபிளில் போய் உட்கார்ந்தேன். அக்கா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் வந்துவிட்டார்.

ரிட்டயர் ஆன பிறகும் அவர் விடவில்லை, நானும் விடவில்லை. மூன்றாவது நாவலை எழுதிய நாளெல்லாம் என் மண்டைக்குள் அக்காதான் உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் பாராட்டினாலும் சரி, இந்த மனுஷியிடம் ஒரு பச்சை டேக் வாங்கியே தீர வேண்டும் என்ற வெறி.

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே கடைசி அத்தியாயத்துக்கு ஸ்டேப்ளர் போட்டார். "வரேன்டி உன்கிட்ட" என்றார்.

இன்றைக்கு அக்கா ஐஸ் பெட்டிக்குள். தலைமாட்டுப் பக்கம் ஸ்டூல் மேல் என் நாவல்... ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் கடசி அத்தியாயத்துக்கு வந்துட்டாம்மா. டீ குடிச்சிகினே என்னாண்ட சொன்னா. அந்த டாக்டருதான் கொன்னுருக்கான், சந்தேகமே இல்லன்னா. காலீல பின்னப் புடுங்கறேன்னு சொல்ட்டுப் படுத்தா..."

டாக்டர்.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

குனிந்து, கண்ணாடிக்கு மேல் வாயை வைத்து அக்காவிடம் சொன்னேன். "டாக்டர் இல்லக்கா. முதல் பக்கத்துலயே மாடிக்கு வடாம் காயப்போட வந்தாளே... அந்த ஹவுஸ் ஓனரம்மா."

(நாவலை வாங்க நினைத்திருந்தவர்கள் மன்னியுங்கள். இன்றைக்கு இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.)

அண்ணன் உள்ளே போய் ஒரு பச்சை டேக் எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. "செஞ்சவங்களே பாஸ் போட்டுக்கக் கூடாதும்பா அவ. சாட்சி நான்தானே" என்று அவரே புத்தகத்தில் கட்டினார்.

போய் வாருங்கள் அக்கா. இந்த ஒரு தடவை நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.