தலைகீழாய் ஒட்டிய கொடி

எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த அன்றைக்கே மனைவி வசந்தாவிடம், "இனிமே நம்ம நிறத்தைப் பார்த்தாலே முறைப்பாங்க, காரில் அமெரிக்கக் கொடி ஒட்டணும்" என்றேன். எங்க ஊர் ஆலனிலேயே முதலில் ஒட்டியவன் நான்தான்.

இன்று ஃப்ரீவேயில் ஒரு பிக்கப் டிரக் ஹார்ன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. ஓட்டியவன் பனைமர உயரம்.

"வீட்டுக்குப் போகாதீங்க, வீடு தெரிஞ்சுடும்" என்றாள் வசந்தா. ஒரு கடையின் பார்க்கிங்கில் நுழைந்தேன். அவனும் நுழைந்தான். இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

"சார், உங்களுக்கு ஏதாவது ஆபத்தா?" என்றான்.

கொடி தலைகீழாக இருந்தால் இங்கே 'ஆபத்து, காப்பாத்துங்க' என்று அர்த்தமாம். நம்ம கொடி மாதிரி கலர் பட்டைதான் மேலே வரும் என்று நினைத்து நட்சத்திரங்களைக் கீழே வைத்திருந்தேன்.

"ஒரு ஆபத்தும் இல்லப்பா" என்று சிரித்துக் கைகுலுக்கினேன். அவனே டேப்பைப் பிரித்துக் கொடியை நேராக ஒட்டிவிட்டுப் போனான்.

இதில் நான் பேசிக் கைகுலுக்கினேன் என்றது மட்டும் என் கைச்சரக்கு. நான் கண்ணாடியை இறக்கவே இல்லை. இறங்கிப் பேசியதும் கைகுலுக்கியதும் வசந்தாதான்.

இவன் கேட்டான், அடுத்தவன் கேட்பானா தெரியாது. உங்க காரில் நட்சத்திரம் மேலேயா கீழேயா? போய்ப் பார்த்துட்டு எழுதுங்க.