லெட்சுமி மாப்பிள்ளையும் ஜீப்பின் முன் சக்கரமும்

...ஆமாம், அதே லெட்சுமிதான். கோலா தெர்லா ஊர் மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே சொன்னாளே, அவள்தான். அந்தப் பேச்சு நடந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்காரர் ஜீப்பின் முன் சக்கரத்தைக் கழற்றினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

எந்த ஜீப்பு? தேயிலை பேக்டரிக்குப் பின்னால், தகர ஷெட்டில் கிடந்ததே, வெள்ளைக்காரத் துரையின் ஜீப்பு. துரை ஊருக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் பாசி பிடித்து, சீட்டு கிழிந்து, என் கோழி இரண்டு முறை அதில் குஞ்சு பொரித்தாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் அதைக் கழுவுகிற வேலை பார்த்தவர். தினமும் விடியற்காலை, பல் கிடுகிடுக்கிற குளிரில் கழுவுவார். ஆனால் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை.

பேக்டரி வேலையில் ரிட்டையர் ஆனதும் அதைச் சரி பண்ண ஆரம்பித்தார். இப்போதைய தோட்டத்துத் துரை நம் ஆள். சிரித்துக்கொண்டே சொன்னாராம், "தீபாவளி கழிஞ்சதும் ஷெட்டை இடிக்கிறோம்லா. அதுக்குள்ள அது தானா நகர்ந்து வெளிய வந்தா நீங்களே வச்சுக்குங்க. இல்லேன்னா ஈப்போலருந்து பழைய இரும்பு லோரி வந்து தூக்கிட்டுப் போயிரும்."

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் புருஷன் இல்லை. ஷெட்டில்தான் இருந்தார். நானும் நெத்திலிக் கருவாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். அவர் கழற்றுவார். நான் தலை கிள்ளுவேன். வாய் சும்மா இருக்குமா? எங்கள் லயத்து வீடுகளின் கதை பூராவும் சொல்வேன். அவர் 'உம்' கூடக் கொட்ட மாட்டார்.

கழற்றிய போல்ட்டு நட்டையெல்லாம் பேப்பரில் சுருட்டி, கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் மாதிரி வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஏதோ எழுதினார்.

எனக்கு எழுத்து தெரியாது. இதையும் நான் சொல்ல, பேத்திதான் திருத்தி எழுதுகிறாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும். வீடு கழுவுகிற நாள். எங்கள் லயத்தில் அன்றைக்குக் கதவைக்கூடக் கழற்றிக் கழுவுவோம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புளி மிச்சம் இருந்தது. பொட்டலங்கள் அழுக்காக இருந்தன...

மனுஷனுக்கு ஒத்தாசை செய்வோமே என்று நினைத்தது தப்பா?

எல்லாவற்றையும் பிரித்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். முறத்தில் கொட்டி வெயிலில் வைத்தேன். தங்கம் மாதிரி மின்னியது! காகிதத்தைச் சுடுதண்ணி அடுப்பில் போட்டேன். நன்றாகப் பற்றியது.

அவர் வந்து முறத்தைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடிப் பாவி... இதென்ன மரவள்ளி வத்தலா, காய வச்சிருக்க? எது எங்கன்னு மேல எழுதியிருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேங்க. பாத்தா தெரிஞ்சிருமா?"

அவர் கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். முறத்தையே பார்த்துக்கொண்டு, "போகட்டும் பாக்கியம். இரும்பு லோரிக்காரன் வரட்டும்" என்றார். அது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

முறத்தை மடியில் வைத்துக்கொண்டேன். நீளமான ஒன்றை எடுத்து விரலால் உருட்டினேன். சட்டென்று லெட்சுமி முகம் வந்தது.

"ஏங்க, இது லெட்சுமி மாப்பிள்ளை வேணாம்னு சொன்ன அன்னிக்குக் கழட்டினது. முன் சக்கரம். டவுன் பக்கம்."

"உளறாத புள்ள."

"மாட்டித்தான் பாருங்களேன்."

முறத்தோடு ஷெட்டுக்குப் போனோம். மாட்டினார். கிரீச் என்று ஏறி உட்கார்ந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"வேற?"

"இந்தக் குட்டை நாலும் ஆபீஸ் கிராணி வீட்டுச் சேலைய ஆடு தின்ன அன்னிக்கு. இஞ்சினுக்கு அடியில, கோயில் பக்கம்."

"இது?"

"மூக்காயி கம்போங் ராஜா ஊர்ல இருக்குற மருமவகிட்ட கோவிச்சுக்கிட்டு, அரிசிச் சட்டியோட நடந்தே வந்தாளே, அன்னிக்கு."

மூன்று நாள் இப்படியே போனது. நான் கதை சொல்வேன், அவர் திருகுவார். ஒரு கட்டத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆடு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார் பாருங்கள். இத்தனை வருஷத்தில் முதல் கேள்வி!

எழுதத் தெரிந்தவர்கள் காகிதத்தை நம்புகிறார்கள். காகிதம் அடுப்பில் ஒரு நிமிஷம்தான் தாங்கும். ஊர்வம்பு அப்படியா?

கடைசியில் முறத்தில் மூன்று மிச்சம்.

"இது எங்க?"

"தெரியாது."

"ஏன் தெரியாது?"

"அன்னிக்கு நீங்க, 'கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இரேன்'னு சொன்னீங்க. நான் நெத்திலிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

அவர் மூன்றையும் இங்கே திருகினார், அங்கே திருகினார். ஒன்றும் பிடிக்கவில்லை. எல்லாம் மாட்டி முடித்த பிறகு பார்த்தால், கோயில் பக்கத்துக் கதவு மட்டும் நிற்காமல் ஆடுகிறது.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம். ஷெட்டு வாசலில் லயமே கூடி நின்றது. எங்கள் வீட்டுக்காரர் சிலிப்பரைக் கழற்றி வெளியே விட்டார், குழாயில் காலைக் கழுவினார், அப்புறம்தான் ஏறி உட்கார்ந்தார். ஜீப்பு இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை கரும்புகையைக் கக்கிக்கொண்டு, தானாக, ஷெட்டை விட்டு வெளியே வந்தது.

"தாத்தா, சிலிப்பரு!" என்று யாரோ கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு போனார்.

இரும்பு லோரி வந்தது. ஷெட்டுத் தகரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

அதோ, ஹார்ன் அடிக்கிறார். பிரிஞ்சாங் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்ட நான் போக வேண்டும். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வர வேண்டுமாம்... ஏதாவது கழன்று விழுந்தால், எங்கே விழுந்தது என்று தெரிய வேண்டுமே!