முதல் தெரிவும் என் மூன்று கேள்விகளும்

எங்கள் ஊர் ஹொக்கிக் கழகத்தின் பாரிஸ் கிளை சென்ற பருவத்தில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. நிர்வாகம் உடனே கூடி, வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இங்கே பிறந்த பிள்ளைகளைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தது. தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவின் தேநீர்க்கடையில் என்னைக் கண்ட கிளைச் செயலாளர், "அண்ணை, மூண்டு வரியத்துக்கு ஒண்டும் கேளாதேங்கோ, பிறகு பாருங்கோ" என்றார். நான் ஓய்வுபெற்றவன், வதிவிட அட்டை முதல் வீட்டு வாடகை உதவி வரை இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன். மூன்று வருடம் கேட்கக்கூடாது என்று எந்தக் கழகத்தின் யாப்பு விதிகளிலும் இல்லை என்றேன். கேள்வி கேட்டே ஒரு நிர்வாகத்தை வீழ்த்தியபோது எனக்குப் பதினொரு வயது என்பதையும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

அப்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் நான்கு வட்டாரங்களுக்கும் நான்கு ஹொக்கிக் கழகங்கள் இருந்தன. ஒரே கழகம் நல்ல பையன்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கப் பங்குச் சுவாமியார் ஒரு விதி செய்திருந்தார். அந்த ஆண்டு பதினேழு வயது நிறைந்தவர்களைக் கோயில் மண்டபத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். கடைசியாக வந்த கழகம் முதலில் ஒருவரைத் தெரிவு செய்யலாம். வென்ற கழகத்துக்குக் கடைசித் தெரிவு. தெரிவானவர் மூன்று வருடம் கழகம் மாற முடியாது. இது, கடைசியானோர் முதல்வராவார் என்ற வேதாகம வசனத்துக்கு இசைவானது என்று சுவாமியார் நம்பினார். இதை வைத்து வேண்டுமென்றே தோற்கலாம் என்று கண்டுபிடிக்க எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு பருவமே போதுமாயிருந்தது.

எங்கள் கழகம் அப்படித் தோற்கவில்லை, இயல்பாகவே தோற்றது. செயலாளர் என் சித்தப்பா. அவரும் பழைய ஆட்டக்காரரை அனுப்பிவிட்டு, புதிய அணி கட்டுகிறேன், பொறுங்கள் என்று சொன்னவர்தான். அந்த வருடம் வரிசையில் என் அண்ணன் நின்றார். வலது ஓரத்தில் அவர் பந்தோடு ஓடினால் எதிரணிக்காரரே நின்று பார்ப்பார்கள். முதல் தெரிவு எங்களுடையது. அண்ணன் எங்கள் கழகச் சட்டையோடு வர, அவருடைய மட்டையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடக்கவேண்டும். அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே இலட்சியம் அதுதான்.

சித்தப்பா எழுந்து, பேக்கரிக்காரரின் மகனைத் தெரிவு செய்தார்.

மண்டபம் சிரித்தது. அந்தப் பையன் விறகு கொத்தப் போகிறவன் போல மட்டையைப் பிடிப்பவன். அடுத்த தெரிவாக அண்ணனை எடுத்த கிழக்கு வட்டாரத்தார் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவமானம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு எதிராகவே நாலு கோல் போட்டார்.

கிழக்கு வட்டார மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்துக்கு அப்பா வரவில்லை. அந்த வட்டாரத் தலைவரோடு அவருக்குக் காணி எல்லைத் தகராறு; அந்தப் பக்கம் கால் வைப்பதுமில்லை, அவர்கள் ஆடும் ஆட்டத்தை எங்கேயும் பார்ப்பதுமில்லை என்று சபதம் செய்திருந்தார். அண்ணனின் பாடசாலை ஆட்டங்கள் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. கோலுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்காருவார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனை விறாந்தையில் நிறுத்தி, தவறிய ஒவ்வொரு பந்துக்கும் விளக்கம் கேட்பார். விளக்கம் பிடிக்காவிட்டால் பெல்ட் கழலும். அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்றே நான் எண்ணியிருந்தேன்.

கழக யாப்பில் ஒன்பதாம் பிரிவு: சந்தா கட்டிய எந்த உறுப்பினரும் பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு எழுத்தில் கேள்வி கொடுக்கலாம். வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறுவர் சந்தா ரசீது என்னிடம் இருந்தது. மூன்று கேள்விகள் எழுதினேன். சென்ற வருடத் தெரிவு எத்தனை கோல் போட்டார்? இந்த வருடத் தெரிவு எத்தனை போட்டார்? என் அண்ணனை விட்டது ஏன்? அப்பா வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, நல்ல தாள் எடுத்துத் தந்தார். அவர் என்னைத் தட்டிக்கொடுத்த நாட்கள் குறைவு; அது அவற்றில் ஒன்று.

கூட்டத்தில் சுவாமியார் கடிதத்தை வாசித்தார். முதல் கேள்விக்கு, மூன்று என்றார் சித்தப்பா. இரண்டாவதற்கு, ஒன்றுமில்லை, அவனைக் கோல் போட எடுக்கவில்லை, கோல் காக்க எடுத்தேன் என்றார். "தேத்தண்ணிக்குப் பாணும் வருமோ?" என்று பேக்கரியைக் குத்திப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மூன்றாவது கேள்விக்குச் சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார்.

"அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. நான் விலகிறன்."

அடுத்த பருவத்தில் பேக்கரிக்காரரின் மகன் கோல் காக்க, சித்தப்பா சேர்த்த பையன்கள் கிண்ணம் வென்றார்கள். புகைப்படத்தின் நடுவில் புதிய செயலாளர் நின்றார். நான் இதற்கெல்லாம் அசைகிறவன் அல்ல. ஒரு தெரிவை அது நடந்த நாளில் தெரிந்ததை வைத்துத்தான் மதிப்பிடவேண்டும். பிறகு வந்த கிண்ணத்தைக் காட்டி வாயடைக்கக்கூடாது. அன்று வரிசையில் நின்றவர்களில் முதல் ஆட்டக்காரர் என் அண்ணன். இன்றும் அதையே சொல்வேன்.

போன வாரம் பாரிஸ் கிளைக்குக் கேள்விகளோடு ஒரு கடிதம் எழுதினேன். வழிமொழிபவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்பதால் பாரிஸ் புறநகரான பொண்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசித்தார், கையெழுத்தைப் போட்டார், பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, என்னை எடுக்கவேண்டாமெண்டு சித்தப்பாட்டைக் கேட்டது நான்தான். கிழக்கு வட்டாரத்துக்கு அப்பா வரமாட்டாரெல்லே."

அப்படியென்றால் சித்தப்பா அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே, குறிப்பில் ஏறியிருக்கும், பதவியும் தப்பியிருக்கும் என்றேன்.

"அப்பா முன்வரிசையிலை இருந்தவர்" என்றார்.

கடிதத்தை அத்தாட்சியோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கேட்கும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் அன்று, மறுமொழி கிடைக்காமல் சித்தப்பா தடுமாறுகிறார் என்றே நினைத்துக் கால்களை ஆட்டிக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் அன்று மாலை எங்கள் விறாந்தையில் யார் நிற்கவேண்டிவரும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.