காற்றுப் படாத அறை

என் மகன் பிறந்த நேரம் கச்சான் என்னும் மேல்காற்றுக் காலம். வாவியைத் தாண்டி வந்து கூரை ஓடுகளையெல்லாம் கிளப்பியது. நான் கிடந்த அறைக்குள் மட்டும் ஒரு பொட்டுக் காற்று இல்லை. அம்மா யன்னல் இடுக்குகளில் பழஞ்சீலையைத் திணித்து, என் காதுகளையும் துணியால் கட்டியிருந்தார். முப்பத்தொரு நாள் துடக்கு, பிள்ளை பெற்ற தீட்டு, கழியும்வரை வாசலைத் தாண்டக்கூடாது.

"பச்சை உடம்பு மகள். காத்துப் பட்டா அவ்வளவுதான்."

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை, நான் பார்த்தேயிராத என் சின்னம்மா, பிள்ளை பெற்ற சில நாளில் சன்னி கண்டு, கைகால் வெட்டி இழுத்துச் செத்துப்போனவர். காற்றுப் பட்டதால் வந்தது என்றுதான் ஊரே சொன்னது.

எனக்கு முதலில் தலையிடி வந்தது, மண்டைக்குள் உரல் இடிப்பதுபோல. காதுக்கட்டை அவிழ்த்திருப்பாய் என்றார் அம்மா. மேல்வயிறு வலித்தது. வாய்வு என்று உள்ளிப்பூண்டு அரைத்துத் தந்தார். முகம் வீங்கியது. பார்க்க வந்த பெண்கள், "மூஞ்சி நிறைஞ்சி வடிவா இரிக்கி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். கண்ணுக்குள் மின்மினி பறந்தது. போன் பார்த்த வினை என்று போனையும் பறித்துக்கொண்டார். என்ன கொடுமை இது! வாயைத் திறந்தால் கதவுதான் இன்னும் இறுகியது.

இவையெல்லாம் பிரஷர் ஏறுவதன் அடையாளங்கள், பிள்ளை பிறந்த பிறகும் வரும், வந்தால் ஒரு நிமிடமும் பிந்தாதீர்கள் என்று கிளினிக்கில் தாதி மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"புள்ளதான் பிறந்திட்டே. இனி என்ன பிரஷர்?" அம்மா சிரித்தார்.

கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். மாமியார் சொல்லாமல் என் கணவர் தண்ணீரும் குடிக்கமாட்டார். யன்னலுக்கு வெளியே நின்று, "மாமிட்டக் கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

"கேளுங்க, கேளுங்க. நான் செத்த மறுகா உத்தரவு கிடைக்கும்!"

அன்று பின்னேரம் பால் கொடுக்கக் குனிந்தேன். மகனின் முகத்தில் பாதியைக் காணவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், அப்போதும் பாதிதான். ஐயோ, இவனை முழுதாய்ப் பார்க்காமலே போய்விடுவேனோ! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். முற்றத்தில் நின்ற என் கணவரின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

"துடக்கோட எங்க போறாய்! காத்து, காத்து!" அம்மா கத்திக்கொண்டே ஓடிவந்து, போர்வையால் என்னை மூடித் தானும் ஏறினார். என் கணவர் மாமியைப் பார்த்தார்.

"எடுங்க ஆட்டோவ!" என்று நான் போட்ட சத்தத்தில் எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த மிஸ்ஸி பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு முறை பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். ஊசிகள் ஏற்றி முடிந்தபின் மிஸ்ஸி அம்மாவிடம் திரும்பினார்.

"கொஞ்சம் பிந்தியிருந்தா வலிப்பு வந்திரிக்கும். தலையிடிக்குதெண்டு புள்ள சொல்லல்லையா?"

அம்மா என்னைத்தான் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட தங்கச்சியும் தலையிடிக்குதெண்டுதான் சொன்னவள். கண் தெரியல்ல எண்டவள். புழுங்குதெண்டு அழுதாள். பாவமெண்டு நான்தான் யன்னலத் திறந்துவிட்டன். அப்ப... அது காத்தால இல்லையா மிஸ்ஸி?"

"இல்லம்மா. காத்தால இப்படி வராது."

அம்மா என் காதில் கட்டிய துணியைத் தானே அவிழ்த்து, அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.