கண்ட்ரோல் அக்காவின் இரண்டு குரல்கள்

கால் டாக்சி கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில், ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே, பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ...' என்று ஊதுகிறார் கண்ட்ரோல் அக்கா. தண்ணீர் களகளவென்று குமிழியிடுகிறது. மைக்கை அணைக்க மறந்தால் தீர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கால் டாக்சிகள் எல்லாவற்றிலும் அந்தச் சத்தம் கேட்கும்.

"அக்கா, தண்ணி கொதிச்சாச்சு, டீத்தூளைப் போடுங்க!" என்பான் ஒரு டிரைவர்.

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டுடா. பெட்ரோல் பங்க் எதிர்ல ஒரு அம்மா குடையோட நிக்கிறாங்க, ஏத்திக்கோ."

அக்கா திருநங்கை. முப்பத்தைந்து தாண்டிய பிறகுதான், இனியாவது மனசுக்குப் பிடித்தபடி வாழ்ந்துவிடுவது என்று முடிவு கட்டி மருத்துவமனைப் படி ஏறினார். ஹார்மோன் மாத்திரையில் தோல் மெத்தென்று ஆனது. முகம்கூடக் கொஞ்சம் உருண்டது. குரல் மட்டும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. "மாத்திரை குரலைத் தொடாதுங்க. அதுக்குப் பயிற்சிதான்," என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். போனிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு இது போதாதா? கண்ணாடி முன்னால் நின்றால் அக்கா. போனை எடுத்தால், "சார், வண்டி எப்ப வரும் சார்?"

குரல் பயிற்சி கொடுப்பவர் சின்னப் பெண்தான். ஆனால் மகா கறார். "நெஞ்சுலேர்ந்து பேசாதீங்க, வார்த்தையை உதட்டுப் பக்கம் கொண்டு வாங்க. கீச்சுக்கீச்சுன்னு கத்தினா பொம்பளைக் குரல் ஆயிடாது." டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு ஊதுவதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். அன்றிலிருந்து அக்கா குளிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தார். பல்வலி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கிராம்பு கொடுத்தனுப்பினார். அக்கா அதையும் வீணாக்கவில்லை, வாயில் அடக்கிக்கொண்டே முனகினார்.

குரல் மெல்ல மெல்ல வசப்பட்டது. வண்டி வராமல் எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தவர்கள்கூட, "கொஞ்சம் பாருங்க மேடம்" என்று இறங்கி வந்தார்கள்.

ஒரே ஒருவரிடம் மட்டும் பழைய குரல். வெளியூரில் இருக்கும் அம்மாவிடம். சிகிச்சை விஷயம் அம்மாவுக்குத் தெரியும். "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்றதோடு சரி. அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அம்மாவின் காதுக்காவது பழைய பிள்ளையாக இருந்துவிட்டுப் போவோமே என்று அக்கா அடிநெஞ்சிலிருந்து குரலை இழுத்துப் பேசுவார். வைத்த பிறகு வெகுநேரம் தொண்டை கரகரக்கும்.

போன வாரம் நல்ல மழை. எல்லா லைனும் ஒரே அலறல். தன் சொந்த செல்போன் என்றுகூடப் பார்க்காமல் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க, எங்கே வண்டி வேணும்?" என்றார் அக்கா.

எதிர்முனையில் ஒரு வயதான குரல், "யாரும்மா நீ? என் பிள்ளை நம்பர்தானே இது?"

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய குரலைத் தேடினார். அவசரத்துக்கு அது அகப்படவில்லை.

"நான்தாம்மா," என்றார், வந்த குரலிலேயே.

"அட, அப்படியே உன் சித்தி குரல்," என்றாள் அம்மா. "அந்தச் சண்டைக்காரி பேசற மாதிரியே இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்போ இத்தனை நாளா ஏன் தொண்டை கட்டின மாதிரியே பேசினே? நெஞ்சுல ஏதோ சீக்குன்னு நான் இங்க பயந்து செத்துக்கிட்டிருக்கேன்... இன்னும் கொஞ்சம் பேசுடி."

மேஜையில் மூன்று போன்கள் சேர்ந்து அடித்தன. அக்கா மூன்றின் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.